பந்தல் சரிந்த மதியம்

செல்வமணி பசுமைக்குடிலுக்குள் காலெடுத்து வைத்தபோது திரவியத்தின் கையில் கத்தி இருந்தது. பயறு பறிக்கவும் சணல் அறுக்கவும் ஜெயிலில் கொடுத்திருந்த வளைந்த சின்னக் கத்தி. வந்தவன் முகத்தைப் பார்த்ததும் பறிப்பை நிறுத்திவிட்டு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"திரவியம், ஒனக்கொரு கூட்டாளியக் கொண்டு வந்திருக்கேன்," என்றார் வார்டர் அழகியநம்பி. "உங்க ஊர்ப் பக்கத்துக்காரன்தான். பேரு செல்வமணி. ஹோட்டல்ல வெட்டுக்குத்து கேஸு. வேலையெல்லாம் சொல்லிக் குடு, கேட்டியா?"

"சரி சார்."

"வணக்கம் அண்ணாச்சி," என்றான் வந்தவன். குரலில் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. கண் மட்டும் திரவியத்தின் முகத்தை விட்டு அசையவில்லை.

வார்டர் போய்விட்டார். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வெக்கை மூச்சை அடைத்தது. அந்த நெற்றியும், மேல்நோக்கிச் சுருண்ட புருவமும், ஒரு பக்கமாகச் சாய்ந்த கழுத்தும் வன்னியராஜினுடையவை. வன்னியராஜைக் கொன்றதற்குத்தான் திரவியம் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தான்.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சென்ட்ரிங் வேலைக்கு வந்த கூட்டத்தில் திரவியமும் ஒருவன். மேஸ்திரி வன்னியராஜ். ஒருநாள் முட்டுக்கம்பு சரிந்து, பலகையோடு ஒருவன் கீழே விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். அந்த முட்டுக்கம்பை நிறுத்தியது திரவியம் இல்லை. ஆனாலும் வன்னியராஜ் எல்லார் முன்னாலும் அவனைத்தான் செருப்பால் அடித்தான். 'நான் இல்லண்ணே' என்று வாயைத் திறந்ததற்கு இன்னொரு அடி. மறுநாள் காலையில், பம்புசெட்டுப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்த வன்னியராஜைத் திரவியம் கடப்பாரையால் அடித்தான். ஒரே அடியில் முடிந்த காரியமில்லை அது.

கேஸ் நடந்த நாளெல்லாம் கோர்ட்டு வராந்தாவில் வன்னியராஜின் தாயும் தம்பியும் வந்து நிற்பார்கள். அந்தப் பெண் அழுவாள். பையனுக்கு அப்போது மீசை அரும்பியிருக்கவில்லை. அழவும் மாட்டான், பேசவும் மாட்டான், திரவியத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்பான். இப்போது மீசை இருந்தது. பார்வை மாறவில்லை.

"என்ன வேல செய்யணும், சொல்லும் அண்ணாச்சி," என்றான் செல்வமணி.

திரவியம் சணல் உருண்டையை எடுத்து அவன் பக்கம் உருட்டிவிட்டான். கிட்டே போய்க் கொடுக்கவில்லை.

அந்தத் திறந்தவெளி ஜெயில் திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது. மதில் கிடையாது. காலையும் சாயங்காலமும் ஆள் எண்ணுவார்கள், மற்ற நேரமெல்லாம் வேலை. தண்டனைக்காரர்களில் ஒழுங்காக நடந்துகொண்டவர்களைப் பொறுக்கி இங்கே அனுப்புவார்கள். ஒரு கைகலப்பு என்று காதில் விழுந்தால் போதும், யார் மேல் தப்பு என்று கேட்கமாட்டார்கள். இரண்டு பேரையும் வண்டியேற்றி மதில் ஜெயிலுக்கே திருப்பிவிடுவார்கள். ஆறு வருஷம் மதிலுக்குள் கிடந்தவன் திரவியம். சுவரையே பார்த்துக்கொண்டு அங்கே ஒருநாள் தன் கையைத் தானே கடித்துச் சதையைப் பிய்த்தவன். திரும்ப அங்கே போவதைவிடச் சாகலாம் என்பது அவன் எண்ணம்.

இங்கே வந்ததும் அவனுக்குக் கிடைத்தது இந்தப் பசுமைக்குடில். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் வலை. சின்னது, மூன்று ஆட்டோவை வரிசையாக நிறுத்தினால் நிறைந்துபோகும். உள்ளே நாலு வரிசை. மூன்றில் நீளப்பயறும் கொடியவரையும், கடைசி வரிசையில் சோதனைக்கென்று பட்டாணி. விவசாய அதிகாரி ஜானவி வெள்ளிக்கிழமை தோறும் நகரத்து வலியசாலையிலிருந்து ஜீப்பில் வந்து பார்ப்பாள். சொட்டுக் குழாயில் உரத்தண்ணீர் போனதாலோ என்னவோ, கொடிகள் வெறி பிடித்த மாதிரி வளர்ந்தன. மேல்கம்பியைத் தொட்டு, மடங்கி, கீழே தொங்கி, பக்கத்து வரிசைக் கொடியைப் பற்றி மறுபடி ஏறின. கையெட்டும் தூரத்தில் நிற்கிற ஆள் தெரியமாட்டான். பூ மட்டும் அங்கொன்று இங்கொன்று.

"நுனியக் கிள்ளுங்கோன்னு எத்தன வாரமா சொல்றேன்?" என்பாள் ஜானவி. "ஒரு குழியில ரெண்டு கொடி போறும். கீழ் இலையக் கழிங்கோ. காத்து போகணும், வெயில் விழணும். இப்படி எல தின்னுண்டே போனா காய் எங்கேந்து வரும்?"

திரவியம் தலையாட்டுவான். செய்யமாட்டான். அந்த அடர்த்திக்குள் போய் உட்கார்ந்தால் உலகத்தில் யாருக்கும் தான் தெரியாது என்பது அவனுக்குப் பிடித்திருந்தது. ஆறு வருஷச் சுவருக்குப் பிறகு கிடைத்த பச்சையில் கத்தி வைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

செல்வமணி வந்த அன்றிலிருந்து அதே பச்சை அவனுக்கு எமனாகிவிட்டது.

இலை அசைந்தால் காற்றா ஆளா என்று தெரியாது. சாக்கை இழுக்கிற சத்தம் இடப்பக்கம் கேட்கும், இருமல் வலப்பக்கம் கேட்கும். ஒருதடவை குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தவன் முதுகில் ஏதோ உறுத்தித் திரும்பினால், ஒரு முழம் தள்ளி இலைகளுக்கு நடுவே செல்வமணியின் முகம். கத்தி பிடித்த கை பாதி தூக்கியபடி.

"சணல் தீந்துட்டு அண்ணாச்சி," என்றான்.

இன்னொரு நாள் தொட்டிப் பக்கம் கைகழுவிக்கொண்டிருந்தபோது பின்கழுத்தில் மூச்சு பட்டது. திரவியம் துள்ளி விலகினான். செல்வமணி சிரிக்கவில்லை.

"எங்க அண்ணன் பேரு ஒமக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லும்."

"வன்னியராஜ்."

"ஆங்," என்றான் செல்வமணி. தொட்டித் தண்ணீரில் கத்தியைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

வார்டரிடம் சொல்லலாம். சொன்னால் விசாரணை வரும், அது எங்கே போய் முடியும் என்று திரவியத்துக்குத் தெரியும். வேறு வேலை கேட்கலாம். ஏன் என்று கேட்பார்கள். சோறு இறங்கவில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் புரண்டாலே கை தானாக முகத்தை மறைத்தது.

கடைசியில் ஒருநாள் காலை எண்ணிக்கை முடிந்ததும் நேராகக் குடிலுக்குள் போய், முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தான். இடுப்பு உயரம் வரைக்கும் கீழ் இலையெல்லாம் உருவினான். ஒரு குழியில் ஐந்தும் ஆறுமாக ஏறியிருந்த கொடிகளில் இரண்டை விட்டுவிட்டு மிச்சத்தை வேரோடு பிடுங்கினான். மேல்கம்பியைத் தாண்டிய நுனிகளைக் கிள்ளினான். வரிசைக்கு வரிசை பாய்ந்திருந்த கொடிகளை இழுத்துப் பிய்த்தான். கிளைக்கிற முளைகளையும் விடவில்லை. பட்டாணியின் பின்னல்களைக் கத்திரித்தான். உள்ளங்கை பச்சைச் சாறில் கறுத்துப்போனது, நகக்கண்ணில் ரத்தம் கட்டியது. சாப்பாட்டு மணி அடித்தும் போகவில்லை. பொழுது சாய்கிறபோது குடிலின் இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடியில் இருக்கிற மண்வெட்டி தெரிந்தது.

செல்வமணி நாள் முழுக்க ஒன்றும் பேசாமல் பிடுங்கிப் போட்டதைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான். கடைசிச் சாக்கைக் கட்டும்போதுதான் வாயைத் திறந்தான்.

"என்னையப் பாக்கணும்னுதான் இவ்வளவும் வெட்டுனீரா?"

திரவியம் கத்தியை மண்ணில் தேய்த்துத் துடைத்தான்.

"நல்லாப் பாத்துக்கிடும்," என்றான் செல்வமணி. நடுவரிசையில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான். "தெரியுதேனா?"

வெள்ளிக்கிழமை வந்த ஜானவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ, நான் கழிக்கச் சொன்னேனா, மொட்டையடிக்கச் சொன்னேனா? ஒரே நாள்லயா இத்தனையும் வெட்டினேள்? மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரு தடவ எடுக்கப்படாது. இந்த வெக்கையில தண்டு வெந்துபோயிடும்." கிட்டே வந்து ஒரு கொடியைத் தூக்கிப் பார்த்தாள். திரவியத்தின் முகத்தையும் பார்த்தாள். என்ன தோன்றியதோ, குரலைத் தணித்துக்கொண்டாள். "சரி, போகட்டும். உரத்தண்ணி ரெண்டு வாரத்துக்கு வேண்டாம், வெறும் தண்ணி மட்டும் விடுங்கோ. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்கோ. இப்படி வெட்டினா கணுவுக்குக் கணு முளை வெடிக்கும். அத வாராவாரம் கிள்ளிண்டே இருக்கணும். விட்டேளோ, முன்னையவிட மோசமா மண்டிடும்."

அவள் சொன்னது பிசகவில்லை. கொஞ்ச நாளில் கொடிகளில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூ இறங்கியது. பயறு முழ நீளத்துக்குத் தொங்க ஆரம்பித்தது. கூடவே கணுக்கள் வெடித்து, ஒன்று வெட்டிய இடத்தில் மூன்று கிளம்பின.

விந்தை என்னவென்றால், வேலையைப் பிடித்துக்கொண்டது செல்வமணி. எந்த முளையைக் கிள்ளவேண்டும், எந்தப் பூங்கொத்தை விடவேண்டும் என்று ஜானவியிடம் கேட்டுக் கேட்டுச் செய்தான். அவள் ஒருதடவை, "உனக்குக் கை வருது," என்று சொன்னபோது முகம் மலர்ந்துபோனது. 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான், கூப்பிடுவதையே விட்டுவிட்டான். தன் வரிசையைப் பார்த்துக்கொண்டு போனான்.

திரவியத்துக்கு அது இன்னும் பயமாக இருந்தது. செல்வமணி முகத்தைக் காட்டி முறைத்தவரைக்கும் பரவாயில்லை. இப்போது அவன் அமைதியாக இருப்பது எதற்கு? திரவியத்தின் பக்கத்து இரண்டு வரிசைகளில் கிள்ளுகிற வேலை நின்றுபோனது. கொடியைப் பார்த்தால் ஆளைப் பார்க்க முடியாது, ஆளைப் பார்த்தால் கொடியைப் பார்க்க முடியாது. ஆளைத்தான் பார்த்தான். ஆடி மழையின் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்ள, அந்த இரண்டு வரிசையும் மறுபடி மண்டி, காயும் இலையுமாகப் பாரமேறி, மேல்கம்பி தொப்பை போட்டுத் தொங்கியது.

"கம்பி தாங்காது திரவியம். இந்த வாரம் கண்டிப்பா எறக்கிடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள் ஜானவி.

மறுவாரம் ஒருநாள் மதியம். மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். திரவியம் இரண்டாவது வரிசையடியில் குந்தியிருந்து சொட்டுக் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தான். செல்வமணி வெளியே போய்விட்டான் என்று நினைத்திருந்தான். தலைக்கு மேலே 'நறுக்'கென்று ஒரு சத்தம். நிமிர்ந்தான். இலைக்கு நடுவே உயர்ந்த கை, கையில் கத்தி, அதன் பின்னால் அந்தப் புருவம்.

யோசிக்கவே இல்லை. பக்கத்தில் கிடந்த குழாய்த் துண்டை எடுத்து எழுந்தபடியே வீசினான். இரும்பு தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு முறிகிற ஓசை அவனுக்குத் தெரிந்த ஓசை. செல்வமணி 'அம்மா' என்று கூடச் சொல்லவில்லை, வாய் திறந்தபடி முட்டி மடங்கினான். இரண்டாவது அடி முதுகில். மூன்றாவதைச் செல்வமணி கையால் தடுத்தான். தடுத்த கையாலேயே குழாயைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் கொடிக்குள் விழுந்தார்கள்.

"ஏல, கொல்லவா பாக்க? கொல்லவாலே பாக்க?" செல்வமணியின் குரல் கிறீச்சிட்டது. அவன் கத்தி கையிலேயே இருந்தது. முதல் வீச்சு திரவியத்தின் கன்னத்தைக் காதுவரை திறந்தது. இரண்டாவது வீச்சைத் திரவியம் இடது கையால் பற்றினான். கத்தி உள்ளங்கையில் இறங்கி விரல் நரம்புவரை அறுத்துக்கொண்டு போனது. விடவில்லை. வழுக்குகிற ரத்தத்தோடு கத்தியைத் திருகிப் பிடுங்கி எறிந்தான். செல்வமணி அவன் தோளில் பல்லைப் பதித்துச் சதையோடு இழுத்தான். திரவியம் முட்டியால் அவன் வயிற்றில் குத்தினான், மறுபடியும் குத்தினான், வாந்தி வரும்வரை குத்தினான். உருண்டார்கள். ஊன்றுகம்பு முறிந்தது. காலில் மாட்டிய சணல்களெல்லாம் இழுபட, தொப்பை போட்டிருந்த கம்பி ஒரு கோடியில் அறுந்து சாட்டை மாதிரி சுழன்று வந்து செல்வமணியின் நெற்றியைக் கிழித்தது. இரண்டு வரிசைப் பந்தலும் காயோடும் கொடியோடும் அவர்கள் மேல் சரிந்தது.

அந்தப் பச்சை இருட்டுக்குள்ளேயும் திரவியம் விடவில்லை. கைக்கு அகப்பட்ட சணலைச் செல்வமணியின் கழுத்தில் சுற்றினான். நல்ல கையால் இழுத்தான். நரம்பு அறுந்த கையிலிருந்து சணல் நழுவிக்கொண்டே இருந்தது. மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுத்தான். செல்வமணியின் கால்கள் மண்ணை உதைத்தன. குதிகால் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் ஊறியது. அவன் உதட்டிலிருந்து காற்றுக்கும் சொல்லுக்கும் இடையில் ஏதோ வந்தது. திரவியம் காதைக் கிட்டே கொண்டுபோனான், ஏன் கொண்டுபோனான் என்று அவனுக்கே தெரியாது.

"ஒம்ம மேல... விழுந்துருமேன்னு... அறுத்தேன்."

திரவியம் முகத்தை மூடிய கொடியை விலக்கி மேலே பார்த்தான். கம்பி அறாத மறுகோடியில், தான் குந்தியிருந்த இடத்துக்கு மேலே, பெரிய கொத்து ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிய சணல்களில் பாதி கத்தியால் சீராக அறுக்கப்பட்டிருந்தன. அறுத்தவை பாதுகாப்பாகப் பக்கத்துக் கம்பியில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

மணிக்கட்டிலிருந்து சணலை அவிழ்க்க அவனுக்கு நேரம் பிடித்தது. பல்லால் கடித்து அறுத்தான். செல்வமணியின் நெஞ்சு 'ஹ்ஹீ' என்று ஒரு தடவை காற்றை உள்ளே இழுத்தது. பிறகு இருமினான். ரத்தமும் கோழையும் திரவியத்தின் முகத்தில் தெறித்தன.

வெளியே ஆட்கள் ஓடிவருகிற சத்தம். "எந்தா அவிடே? எந்து பற்றி?" என்று, என்ன ஆச்சென்று கேட்டு யாரோ மலையாளத்தில் கத்தினார்கள். கொடிகளை விலக்கி அழகியநம்பி எட்டிப் பார்த்தபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். வார்டரின் முகம் வெளுத்துப்போனது.

"என்னடா இது? யார்ரா யார அடிச்சது?"

திரவியம் வாயைத் திறந்தான். அதற்குள் செல்வமணி சொல்லிவிட்டான்.

"பந்தல் சரிஞ்சிட்டு சாரே."

விசாரணை நடந்தது. செல்வமணியின் கழுத்தில் இருந்த சிவந்த கோட்டுக்கு, சணலில் மாட்டிக்கொண்டேன் என்றான். தோளெலும்புக்கு, குழாய் விழுந்தது என்றான். திரவியத்தின் கன்னத்துக்கும் கைக்கும், கம்பி அறுந்து வந்து கிழித்தது என்றான். திரவியத்தை எத்தனை முறை கேட்டாலும், "அவன் சொன்னதுதான் சார்," என்ற ஒரு பதில்தான்.

ஜானவியிடமும் விளக்கம் கேட்டார்கள். அவள் வந்து சரிந்த பந்தலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மண்ணில் கிடந்த குழாய்த் துண்டைப் புரட்டிப் பார்த்தாள். கையில் கட்டுப்போட்டு வாசலில் நின்ற திரவியத்திடம் வந்தாள்.

"பாரம் தாங்காமதான் சரிஞ்சுதுன்னு எழுதிக் கொடுங்கோங்கறா. நான் அப்படி எழுத மாட்டேன். எனக்குத் தெரியாதுன்னு எழுதறேன். ஏன்னா எனக்குத் தெரிய வேண்டாம்." மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் ஜீப்பில் ஏறிவிட்டாள்.

அழகியநம்பி நிறைய பேரைப் பார்த்தவர். அவரும் மேலே போகவில்லை. இரண்டு பேரும் ஒரே கதையைச் சொல்லும்போது மூன்றாவது ஆள் என்ன செய்ய முடியும்?

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கைதிகளுக்கென்று ஒதுக்கிய வார்டில் செல்வமணி கிடந்தான். தையல் பிரிக்கத் திரவியத்தை அழைத்துப்போனபோது அவனையும் அதே அறையில் உட்காரவைத்தார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர் ஜன்னல் பக்கம் போய் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

"ஏன்டே பொய் சொன்ன?" என்று கேட்டான் திரவியம்.

செல்வமணிக்கு இன்னும் குரல் சரியாகவில்லை. "ஒமக்குன்னு நெனச்சீரா? எனக்கு இன்னும் எட்டு மாசம்தான். சண்டன்னு எழுதுனா அது எட்டு வருசமாவும்."

"அப்போ... மொத நாள்லேர்ந்து நீ பின்னால வந்து நின்னது?"

"கொல்லத்தான்." செல்வமணி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ரெண்டு மட்டம் கைய ஓங்குனேன். ரெண்டு மட்டமும் நீரு திரும்பிட்டீரு. பெறவு நீரு ஒருநாள் முழுக்க அந்தக் கொடியெல்லாம் வெட்டுனீரு பாத்தீரா? சோறு திங்காம, கையெல்லாம் ரத்தமா. இந்தாளு இப்பமே பாதி செத்துட்டான், இவனக் கொன்னு நான் ஏன் சீரழியணும்னு விட்டுட்டேன். விட்ட பெறவுதான் நீரு அடிச்சீரு."

திரவியம் தலையைக் குனிந்துகொண்டான். அறுந்த கன்னத்துத் தையல் இழுத்து வலித்தது.

"ஒண்ணு கேக்கணும்," என்றான் செல்வமணி. "கோர்ட்ல யாரும் சொல்லல. எங்க அண்ணன் ஒடனே செத்துட்டானா?"

திரவியத்துக்குப் பொய் சொல்லத் தோன்றியது. 'ஆமா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு எழவில்லை.

"இல்ல."

"என்ன சொன்னான்?"

"தண்ணி கேட்டான்."

"குடுத்தீரா?"

"பக்கத்துல தொட்டி நெறைய தண்ணி கெடந்துச்சு." திரவியம் நிறுத்தினான். "குடுக்கல. நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

செல்வமணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கட்டுப்போடாத கை போர்வையைப் பற்றிக் கசக்கியது. போலீஸ்காரர் பீடியை அணைத்துவிட்டு வரும்வரை அவன் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு செல்வமணி, கை தூக்க முடியவில்லை என்று சொல்லி மாட்டுத்தொழுவத்துக்கு வேலை மாற்றி வாங்கிக்கொண்டான். ஒரே ஜெயிலில் இருந்தும் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போனார்கள்.

திரவியத்தின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. புதுக் கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். மறுவிதை போட்டு, ஒரு குழிக்கு இரண்டு கொடி என்று ஆரம்பத்திலேயே நிறுத்திக்கொண்டான். வாராவாரம் வரிசை தவறாமல் நுனி கிள்ளினான், முளை கழித்தான். ஜானவி சொன்ன அளவுக்கு மேல் ஒரு இலையைத் தொடுவதில்லை. கொடியைத்தான் பார்த்தான். சிலசமயம் பின்னால் யாரோ நிற்பதுபோல் கழுத்து கூசும். அப்போது மட்டும் வேலையை நிறுத்தி, திரும்பாமல், கூச்சம் போகிறவரை நிற்பான்.

செல்வமணி விடுதலையாகும் நாள் காலையில் குடிலுக்கு வந்தான். சொந்தச் சட்டை போட்டிருந்தான், கையில் ஒரு துணிப்பை. ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. திரவியம் கையிலிருந்த கத்தியை மண்ணில் போட்டுவிட்டு எழுந்து நின்றான்.

"போறேன்," என்றான் செல்வமணி.

"ம்."

"அம்மா கேப்பா. வருசக்கணக்கா இதத்தான் கேட்டுட்டு இருக்கா. கடைசியில புள்ள தாகத்தோட போனானான்னு."

திரவியம் வாசலைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தான்.

"நீரு தண்ணி குடுத்தீருன்னு சொல்லப்போறேன்," என்றான் செல்வமணி. "ஒம்ம வாயிலேர்ந்து கேட்டேன்னு சொல்லுவேன். என்னைக்காவது ஊர்ப்பக்கம் வந்து, அவ எதுர வந்தா, நீரும் அதையேதான் சொல்லணும். மாத்திச் சொன்னீரு, அன்னைக்கு நான் விடமாட்டேன்."

"சொல்லுதேன்," என்றான் திரவியம்.

செல்வமணி தலையசைத்தான். பையைத் தாழாத தோளுக்கு மாற்றிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே பஸ் ரோட்டைப் பார்த்து இறங்கினான். அவன் மறைகிறவரை திரவியம் வாசலிலேயே நின்றான். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்தான். வார்டர் வந்து, "என்னாச்சு திரவியம்?" என்று தோளைத் தொட்டபோதும் அவனால் எழுந்திருக்க முடியவில்லை.